மணமகள் இன்னும் யோசிக்கிறார்

லிஃப்ட்காரர் தன் இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியைக் கேட்காமல் ஒரு முடிவெடுத்தார். அந்த மனைவியையே இன்னொரு தடவை கல்யாணம் செய்துகொள்வது என்பதுதான் அந்த முடிவு.

ஆசைதான் காரணம் என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். ஆசை இருந்தது, ஆனால் அது ஒரு குடிலின் மேல் இருந்தது. விடுமுறைக்கு அவர் பார்த்துவைத்த தீவு விடுதியில், கடலுக்குள்ளேயே மரக்கால் நட்டு ஒரே ஒரு குடில் கட்டியிருந்தார்கள். கட்டிலை விட்டு இறங்கினால் வாசற்படியில் மீன். அந்தக் குடில், தீவுக்கு வந்து கல்யாணம் செய்துகொள்ளும் ஜோடிகளுக்கு மட்டும். ஏற்கனவே கல்யாணமானவர்களுக்குச் சமையலறைக்குப் பின்பக்க அறை. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். கல்யாணமானவன் எந்தச் சத்தத்தையும் தாங்குவான் என்று விடுதிக்காரர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

விண்ணப்பத்தில் 'உறவு' என்ற கட்டத்தில் அவர் 'காதலர்கள்' என்று எழுதினார். சட்டப்படி பதிவெல்லாம் கிடையாது. விடுதியின் படகுக் கேப்டன் வெள்ளைக்கோட்டு போட்டுக்கொண்டு உறுதிமொழி வாசிப்பார், அவ்வளவுதான். யாருக்கு என்ன நஷ்டம்?

விஷயத்தை மனைவியிடம் அவர் படகில் ஏறிய பிறகுதான் உடைத்தார். அந்த அம்மாள் மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. நாள் முழுக்கப் போனில் ஊரே கத்தும். அவர் குரல் ஒரு படி ஏறாது. ஆபீசில் அவருக்குப் பெயரே புகாரம்மா.

"இங்க பாரு, தீவுல இறங்கினதும் நாம புருஷன் பொண்டாட்டி இல்ல."

"அப்புறம்?"

"காதலர்கள்."

"யாரு, யாரை?"

"ஏன், நான் உன்னை, நீ என்னை! புதன்கிழமை கல்யாணம். சம்மதமான்னு கேப்பாங்க. நீ சம்மதம்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும்."

புகாரம்மா கடலைப் பார்த்தார். "போன கல்யாணத்துல என்னை யாரும் கேக்கவே இல்ல. இந்தத் தடவை நிஜமாவே கேப்பாங்களா?"

"கேப்பாங்க, கேப்பாங்க."

"நல்லதாப் போச்சு."

அந்த 'நல்லதாப் போச்சு'வில் ஏதோ ஒரு பல்சக்கரம் உரசும் சத்தம் இருந்தது. வேறு நாளாக இருந்தால், லிஃப்ட் ரிப்பேர் பார்த்தே பழகிய அவர் காது அதைப் பிடித்திருக்கும். அன்றைக்குக் கடல் பச்சையாகவும் மனசு அதைவிடப் பச்சையாகவும் இருந்ததால் கோட்டை விட்டார்.

படகுத்துறையில் விடுதி மேலாளர் அம்மாள் பூச்செண்டோடு காத்திருந்தார். "வாங்க, வாங்க! மணமகளுக்குக் கடல்மேல் குடில். மணமகனுக்குச் சமையலறைப் பின்பக்கம்."

லிஃப்ட்காரர் கையிலிருந்த பெட்டி தண்ணீரில் விழப் பார்த்தது. "தனித்தனியாவா?"

"கல்யாணம் முடியற வரைக்கும் அப்படித்தான் சார்."

"ஏம்மா, நாங்க வந்து... எங்களுக்கு வந்து..." உண்மையைச் சொன்னால் குடில் போய்விடும். சொல்லாவிட்டால் குடில் இருக்கும், தான் அதில் இருக்க முடியாது. நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்டில் மாட்டியவர் மாதிரி அவர் மனைவியைப் பார்த்தார்.

புகாரம்மா தலையைக் குனிந்துகொண்டார். இருபது வருஷத்தில் அவர் வெட்கப்பட்டு லிஃப்ட்காரர் பார்த்ததில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரே குடிலா? சீச்சீ! நாலு பேரு என்ன நினைப்பாங்க சார்?"

சார்! சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காத மனுஷன் என்று போன வாரம் திட்டிய அதே வாய்.

பின்பக்க அறையில் அவருக்குத் துணை, கல்யாண வாத்தியக் கோஷ்டியின் டிரம்பெட்காரர். நல்ல மனுஷர். ஜெனரேட்டர் ஓய்கிற நேரம் பார்த்து டிரம்பெட்டை எடுப்பார். ஒரு நிமிஷம் அமைதி வந்துவிடக்கூடாது என்பதில் இரண்டுக்கும் ஒப்பந்தம். 'இரண்டே நாள்' என்று லிஃப்ட்காரர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

புதன்கிழமை வந்தது. வெள்ளை மணலில் பந்தல். விடுதி விருந்தாளிகள் அத்தனை பேரும் நாற்காலியில். கேப்டன் வெள்ளைக்கோட்டில் தொண்டையைக் கனைத்தார். டிரம்பெட்காரர் கன்னத்தை உப்பவைத்துத் தயாராக நின்றார்.

"மணமகனே, சம்மதமா?"

"சம்மதம்!" கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

"மணமகளே, சம்மதமா?"

புகாரம்மா கேப்டனைப் பார்த்தார். மணமகனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மறுபடி கீழிருந்து மேல்வரை பார்த்தார்.

"யோசிச்சு சொல்றேன்."

டிரம்பெட் பாதியில் பிசிறியது. நாற்காலிகளில் சலசலப்பு. லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "ஏய், என்ன விளையாட்டு இது?"

"பார்த்தீங்களா, இப்பவே 'ஏய்'ங்கறாரு," என்றார் புகாரம்மா கேப்டனிடம். "இவரைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நல்லா விசாரிக்காம எப்படிங்க கழுத்தை நீட்டறது?"

மேலாளர் அம்மாள் எழுந்து கைதட்டிவிட்டார். "நிதானமா யோசிங்கம்மா! வாழ்க்கை முழுக்க ஓட்டணுமில்ல!" பெண்கள் பகுதி முழுக்கக் கைதட்டியது. ஆண்களிலும் இரண்டு பேர் தட்டினார்கள். பக்கத்தில் மனைவிகள் இருந்தார்கள்.

அன்றிலிருந்து மணமகளைச் சந்திக்க மாலை நாலு முதல் ஐந்து வரை மட்டும் அனுமதி. மேலாளர் அம்மாள் போட்ட உத்தரவு.

வியாழன் மத்தியானம் லிஃப்ட்காரர் கரையில் ஒரு கவிழ்த்த படகின் மேல் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். குடிலுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். கை இரண்டும் அகல விரிந்து, முகம் வானத்தைப் பார்த்து, ஒரு பெரிய அலை தூக்கிப்போட்டபோது கலகலவென்று சிரித்து. யார் இந்த அழகி என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, அந்நியப் பெண்ணைப் பார்க்கிறோமே என்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். பிறகுதான் அந்தச் சிரிப்பு காதில் உறைத்தது. எழுந்தே நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிரம்பெட்காரரிடம் பூப்போட்ட சட்டை இரவல் வாங்கினார். மூன்று தடவை தலை வாரினார். கரையெல்லாம் தேடி ஒரு சிவப்புச் சிப்பி எடுத்தார். மூன்றரைக்கே குடில் வாசலில் நின்றார்.

"நாலு மணிக்குத்தானே?" உள்ளிருந்து குரல்.

"நிக்கறேன்."

நாலு மணிக்குக் கதவு திறந்தது. சிப்பியை நீட்டினார்.

"எப்ப மிதக்கக் கத்துக்கிட்ட... கத்துக்கிட்டீங்க?"

"நேத்து. உடம்பை விறைப்பா வச்சிருந்தா முழுகிடும்னாங்க. விட்டுட்டா மிதக்குமாம். இத்தனை வருஷம் எனக்கு யாரும் சொல்லவே இல்ல."

ஒரு மணி நேரம் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து தண்ணீரில் கால் விட்டுப் பேசினார்கள். வீட்டு வாடகை, மகள் காலேஜ், தண்ணி மோட்டார் எதுவும் பேச்சில் வரவில்லை. ஐந்தடித்ததும் போகச் சொன்னார்கள். போனார். போகும்போது விசிலடித்தார், டிரம்பெட்காரரே அசந்துபோனார்.

வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வு. மணமகள் பக்கம் மேலாளர் அம்மாள், மணமகன் பக்கம் டிரம்பெட்காரர். கேள்வி கேட்டது மணமகள்.

"நனைஞ்ச துண்டைக் கட்டில்ல போடுவீங்களா?"

"மாட்டேன்."

"காலையில காபி யாரு போடுவாங்க?"

லிஃப்ட்காரர் டிரம்பெட்காரரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். "நான்."

"தினமுமா, விருந்தாளி வந்தா மட்டுமா?"

"தினமும்."

"பேசிட்டு இருக்கும்போது பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்குவீங்களா?"

"பேப்பரையே நிறுத்திடறேன்."

"வேணாம். படிச்சு என்ன போட்டிருக்குன்னு எனக்குச் சொல்லுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கடல்?"

"ரெண்டு தடவை!" அவருக்கே தெரியாமல் வாயிலிருந்து குதித்தது.

மேலாளர் அம்மாள் எல்லாவற்றையும் விடுதிக் காகிதத்தில் எழுதினார். மணமகன் கையெழுத்துப் போட்டார்.

"சம்மதமா அப்ப?"

"யோசிச்சு சொல்றேன்."

சனிக்கிழமை காலை மறுபடியும் பந்தல், மறுபடியும் கேப்டன். விருந்தாளிகள் முன்கூட்டியே வந்து இடம் பிடித்திருந்தார்கள். "மணமகளே, சம்மதமா?" என்ற கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு அலை வந்து மெதுவாகத் திரும்பிப் போயிற்று. லிஃப்ட்காரரின் நெஞ்சு கயிறு அறுந்த லிஃப்ட் மாதிரி கீழே போய்க்கொண்டே இருந்தது. இவர் வேண்டாமென்றுவிட்டால்? நிஜமாகவே வேண்டாமென்றுவிட்டால்?

"சம்மதம்," என்றார் புகாரம்மா.

டிரம்பெட் கூரையைப் பிளந்தது. லிஃப்ட்காரர் மணலில் குதித்தார். கேப்டனைக் கட்டிக்கொண்டார். எதிரில் வந்த வெயிட்டரைக் கட்டிக்கொண்டார். கடைசியில் மனைவி ஞாபகம் வந்து அவரையும் கட்டிக்கொண்டார். சந்தோஷத்தில் அழுதேவிட்டார் மனுஷர்.

கூட்டம் கலைந்ததும் மேலாளர் அம்மாளைத் தேடிப் போய்ப் பெரிய மனசோடு சொன்னார். "எல்லாம் பிரமாதம்மா. ஒரே ஒரு யோசனை. மணமகனைத் தனியா படுக்க வைக்கிற அந்த விதியை மட்டும் மாத்திடுங்க."

"எந்த விதி சார்? எங்க விடுதியில அப்படி விதியே கிடையாதே. போன மாசம் நீங்க பதிவு பண்ணினதை உறுதி செய்யறதுக்கு உங்க வீட்டுக்குப் போன் போட்டேன். உங்க வீட்டம்மாதான் எடுத்தாங்க. தனி அறை, நாலுலேர்ந்து அஞ்சு, எல்லாம் அவங்க சொன்னபடிதான் செஞ்சோம்."

லிஃப்ட்காரர் சுழன்று திரும்பினார். "அப்ப அஞ்சு நாளா நான் ஜெனரேட்டர் பக்கத்துல கிடந்தது..." குரல் பந்தலைத் தாண்டி உச்சி மாடிக்குப் போயிற்று.

"என்னங்க, கல்யாணமாகி முழுசா கால் மணி நேரம்கூட ஆகல," என்றார் புகாரம்மா. "அதுக்குள்ள புதுப் பொண்டாட்டிகிட்ட கத்தறீங்களே?"

குரல் அங்கிருந்து வழியில் எங்கும் நிற்காமல் தரைத்தளம் வந்து சேர்ந்தது.

"மன்னிச்சுக்கம்மா. காபி போட்டு எடுத்துட்டு வரட்டுமா?"