வாளி ஐயாவும் கொழும்புப் புத்தகமும்

கடவுளே நேரில் வந்து, "உங்கள் ஊரில் ஒரு வீடு கட்டப் போகிறேன், இதோ பிளான்" என்று நீட்டியிருந்தாலும், வாளி ஐயா ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். மாரியம்மன் கோயிலுக்கு மடப்பள்ளி கட்ட நிர்வாக சபையார் பிளான் கொடுத்தபோது அவர் அதைத்தான் செய்தார். "அம்மன் பாத்துக்குவா ஐயா" என்றார் பூசாரி. "அம்மனுக்கும் சேத்துத்தான் சாமி பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, கோயில் வாசலிலேயே தண்ணீரைக் கவிழ்த்தார்.

ஹட்டனிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் ஒரு சின்ன மலை நகரம் எங்களுடையது. அதன் நகரசபையில் நான் எழுதுவினைஞராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து கந்தோர் வேலைக்கு, மேசை உத்தியோகத்துக்கு, போன முதல் பெண். அதனால் கதவைத் திறப்பதற்குக்கூட யாரிடமாவது அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் கட்டடப் பிரிவில் உட்கார வைத்தார்கள். எதிர் மேசை வாளி ஐயாவுடையது.

அவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஊரில் வீடோ கடையோ கக்கூஸோ எது கட்டுவதென்றாலும், காணியைப் பார்த்து அவர் கையெழுத்து வைத்தால்தான் அனுமதி. ஒல்லியான மனிதர். வெயில் மழை பார்க்காமல் வருஷம் முழுக்கக் குரங்குத் தொப்பி. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. காணிக்குப் போனதும் பக்கத்தில் மலைத் தண்ணீர் விழும் பீலியில் பிடிப்பார். காணியின் மேல் மூலைக்கு ஏறி ஊற்றுவார். பிறகு அந்தத் தண்ணீரின் பின்னாலேயே நடப்பார். அது வேலியைத் தாண்டினால் அவரும் தாண்டுவார். ஒருமுறை தண்ணீரோடு சேர்ந்து அடுத்த வீட்டுச் சமையலறைக்குள்ளேயே போய்விட்டார். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பெண் அலறினாள். "ஒன்னுமில்ல தாயி, தண்ணியப் பாத்துக்கிட்டு வந்தேன்" என்றார். அவள் கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு, சுவரில் ஈரம் எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கிறது என்பதையும் அளந்துகொண்டு திரும்பினார்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. தொலைபேசியை எடுத்தால் அவரே "வாளி பேசுறேன்" என்பார்.

கடைவீதியில் பெரிய துணிக்கடை வைத்திருந்த முதலாளி, கடைக்கு மேல் இரண்டு மாடி கட்டப் பிளான் கொடுத்தார். கொழும்பில் போட்ட அழகான பிளான். கூரைக்குப் பதிலாக மட்டமான கொங்கிரீட் தட்டு. அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மலையைப் பார்க்கலாமாம்.

"ஆறு மாசம் மழ, ஆறு மாசம் பனிமூட்டம். எந்த மலையப் பாக்கப் போறீங்க மொதலாளி?"

"அத நான் பாத்துக்கிறேங்க. நீங்க கையெழுத்தப் போடுங்க."

"தட்டுல விழுற தண்ணி எங்க போகும்?"

"கீழதான் போகும். வேற எங்க போகும்?"

வாளி ஐயா முதலாளியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கடையின் பின் சன்னலைத் திறந்தார். கடைக்குக் கீழே, அதே சரிவில், ஒரு பேக்கரி. அதற்குக் கீழே ஒரு சலூன். அதற்கும் கீழே பாலர் பாடசாலை.

"நம்ம ஊர்ல கீழன்னு ஒன்னு கெடையாதுங்க. கீழன்னா யாராவது ஒரு ஆளு" என்றார்.

முதலாளி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் தகரக் கூரையும் பீலிக் குழாயும் போட்டுத்தான் மாடி எழும்பியது.

கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் இன்னும் மோசம். மாப்பிள்ளை தாலி கட்டும் நேரத்தில் இவர் மண்டபத்துக்குப் பின்னால் நின்று மண்மேட்டைத் தடவிக்கொண்டிருப்பார். ஒரு கல்யாணத்தில் சமையல்காரர்களைப் பானை சட்டியோடு கிளப்பி மண்டபத்தின் முன்பக்கம் கொண்டு வந்துவிட்டார். மண்மேடு அன்றைக்கு விழவில்லை. அதற்குப் பிறகும் விழவில்லை. சாம்பார் கரிந்துபோனதை மட்டும் மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் கொழும்பிலிருந்து அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது. நாடு முழுவதும் கட்டடங்கள் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று சொல்லும் தடித்த விதிப் புத்தகம். கந்தோரில் எல்லாரும் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தோம். அவர் ஒருவர்தான் பென்சிலோடு உட்கார்ந்து அதைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது.

"என்னா சேர், பிழையா எழுதியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"எழுதினவரு நல்ல மனுசன் பிள்ள. வீட்டுக்குப் பின்னால இத்தன அடி மட்டமா வெற்றிடம் விடச் சொல்றாரு. காத்து வரணும், வெளிச்சம் வரணும், நெருப்புப் புடிச்சா ஓட எடம் வேணும்னு நெனச்சிருக்காரு. அவரு ஊர்ல வீட்டுக்குப் பின்னால காத்து இருக்கு. நம்ம ஊர்ல பின்னால மல இருக்கு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்குப் பின்னால் மட்டமான இடம் வேண்டுமென்றால் மலையை வெட்ட வேண்டும். விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறவன் அதிகமாக வெட்டுவான். அதிகமாக வெட்டியவனின் முதுகுக்குப் பின்னால்தான் உயரமான மண்சுவர் நிற்கும். அதாவது, சட்டத்துக்கு அதிகம் பயந்தவனுக்குத்தான் அதிக ஆபத்து.

அந்த நேரத்தில்தான் புஷ்பம் அக்கா வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். லயத்தை விட்டு வெளியேற அவருக்கு ஏழு பேர்ச் காணி கிடைத்திருந்தது. ரோட்டுக்கு மேலே, நல்ல செங்குத்தான சரிவில். யாரோ போட்டுக் கொடுத்த பிளானோடு அவர் கந்தோருக்கு வந்தது அது மூன்றாவது முறை.

"புத்தகத்துல உள்ளபடிதானே ஐயா போட்டுருக்கு?"

"புத்தகத்துல உள்ளபடிதான் தாயி."

"அப்பறம் என்னாங்க?"

"புத்தகம் கொழும்புல எழுதினது. ஒங்க காணி இங்க இருக்கு."

புஷ்பம் அக்கா பிளானைச் சுருட்டினார். "நாலு தலமொறையா லயத்துல ஒரே ரூமு காம்பராவுல கெடந்தோம். அப்ப தொரமாருங்க விடல. இப்ப சொந்தமா காணி கெடச்சிருக்கு, நம்மாளு நீங்க விட மாட்டேங்கிறீங்க. ஒங்க அப்பா அம்மாவும் லயத்துலதான இருந்தாங்க?"

அன்று வாளி ஐயா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அடுத்த வாரம் அவரே ஒரு பிளான் போட்டுக்கொண்டு வந்தார். படி படியாக இறங்கும் வீடு. மேலே கூடம், மூன்று படி இறங்கினால் அறை, இன்னும் மூன்று படி இறங்கினால் சமையலறை. மலையை வெட்டாமல், மலையின்மேல் ஆள் குந்தியிருப்பதுபோல ஒரு வீடு. வெற்றிடம் பின்னால் இல்லை, பக்கத்தில் இருந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் புத்தகத்தின்படி அந்த வீட்டைக் கட்ட முடியாது.

நகரசபைச் செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சட்டப்படி சரியான வீட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க. சட்டப்படி பிழையான வீட்டுக்குப் போடணும்ங்கிறீங்க. நீங்க எந்தக் கட்சி?"

"சரிவுக் கட்சி சேர்."

செயலாளர் சிரிக்கவில்லை. வாளி ஐயா புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒன்றைத் திறந்து பென்சிலால் கோடிட்ட ஒரு வரியைக் காட்டினார். உள்ளூர் நிலைமைகளுக்கு ஏற்ப நகரசபைகள் திருத்தங்களை முன்மொழியலாம் என்று அதில் இருந்தது. அதுவரை எந்தத் தேநீர்க் கோப்பையும் அவ்வளவு தூரம் படித்ததில்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். ஒவ்வொரு வரியையும் கந்தோரில் தேநீர் ஊற்றும் முனியாண்டி அண்ணனுக்கு வாசித்துக் காட்டச் சொல்வார். அண்ணனுக்கு விளங்காவிட்டால் அந்த வரியை வாளி ஐயா அடித்துவிடுவார். "வீடு கட்டப் போறவனுக்கு வெளங்காத சட்டம் யாருக்குப் பிள்ள?" மண்ணை எவ்வளவு உயரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கூரைத் தண்ணீர் எதற்குள் விழ வேண்டும், எதன்மேல் விழக் கூடாது, படி வீட்டுக்கு வெற்றிடத்தை எந்தப் பக்கம் விடலாம். எல்லாம் சேர்த்து இரண்டே தாள். அந்த இரண்டு தாளுக்காக முனியாண்டி அண்ணன் ஊற்ற மறந்த தேநீரை நினைத்துச் சபைத் தலைவரான தவிசாளர் இன்னமும் வருத்தப்படுவார் என்று நினைக்கிறேன்.

தாள்கள் கொழும்புக்குப் போயின. ஒரு நாள் அங்கிருந்து ஒரு பொறியியலாளர், நேரில் பார்க்க வேண்டும் என்று வந்தார். இளம் சிங்களப் பெண். ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கி, வேனில் வந்து சேர்ந்தபோது அவருடைய வெள்ளைச் சப்பாத்து செம்மண்ணில் சிவப்பாகியிருந்தது. மூன்று நாளாக மழை. வாளி ஐயா அவரையும் என்னையும் புஷ்பம் அக்காவின் காணிக்குக் கூட்டிப் போனார்.

போனால், பின்பக்கம் மண் வெட்டப்பட்டிருந்தது. ஒரு ஆளைவிட உயரமாக, சுவர் மாதிரி நேராக. புஷ்பம் அக்கா பொறுமை இழந்து, தம்பிமாரை வைத்துத் தானே வெட்டத் தொடங்கியிருந்தார். கற்களையும் கொண்டு வந்து அடுக்கியிருந்தார்.

"வெட்ட வேணாம்னு சொன்னேனே தாயி" என்றார் வாளி ஐயா.

"நீங்களும் கொழும்பும் முடிவெடுக்கிற வரைக்கும் எம்புள்ளைங்க வயசுக்கு வராமக் காத்துக்கிட்டு இருக்குமா? ஒரே காம்பராவுல எத்தன நாளைக்கு?"

வாளி ஐயா சண்டையைத் தொடரவில்லை. "மொதல்ல எல்லாரும் ரோட்டுக்கு வாங்க. அங்க நின்னு பேசுவோம்" என்றார். சொன்ன குரலைக் கேட்டு புஷ்பம் அக்காகூட மறுபேச்சில்லாமல் இறங்கினார். பொறியியலாளர் குடையை விரித்து, சிங்களத்தில் ஏதோ கேட்கத் தொடங்கினார்.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஈரத் துணியைத் தரையில் போட்டால் வருமே, அப்படி ஒரு சத்தம். வெட்டிய மண்சுவரின் நடுப்பகுதி மெதுவாக முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது. அடுக்கியிருந்த கற்கள் காணாமல் போயின. மேலிருந்து ஒரு தேயிலைச் செடி வேரோடு வந்து அதன் உச்சியில் நின்றது.

புஷ்பம் அக்கா அந்தச் செடியைப் பார்த்துச் சொன்னார்: "அங்கதான் அடுப்பு வைக்கிறதா இருந்தேன்."

பொறியியலாளருக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்தார். நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

வாளி ஐயா மழை விடும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு மம்பட்டியை வாங்கி, புஷ்பம் அக்காவின் தம்பிமாரோடு நின்று, புதையாமல் மிஞ்சியிருந்த கற்களை ரோட்டோரத்துக்கு ஒதுக்கினார். திரும்பி வரும்போது நான் ஒரு முட்டாள்தனமான காரியம் செய்தேன். பாராட்டினேன்.

"நீங்க சொன்னதுதான் சேர் கடைசியில சரியாப் போச்சு."

குரங்குத் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். அவர் தலை முழுக்க நரைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"சரியாப் போகக் கூடாதுன்னுதான் பிள்ள இத்தன வருசமா வேண்டிக்கிட்டு இருக்கேன். அந்தக் கல்யாண வீட்டுல மண்ணு விழலன்னு எல்லாரும் சிரிச்சாங்களே, அன்னைக்கி நான் எவ்வளவு சந்தோசமா வீட்டுக்குப் போனேன் தெரியுமா?"

சில மாதங்கள் கழித்துத் திருத்தங்களுக்கு அனுமதி வந்தது. எங்கள் ஊருக்கு மட்டும். புஷ்பம் அக்கா படி வீட்டைக் கட்டிக் குடிபோனார். மூத்த பெண்ணுக்குத் தனியாக ஒரு அறை. பால் காய்ச்சிய அன்றே புகாரும் தொடங்கிவிட்டது. "என்னாங்க ஐயா வீடு இது? கூடத்துல இருக்குறவங்கள சோத்துக்குக் கூப்பிட்டா, மலையேறிப் போயில்ல கூப்பிட வேண்டியிருக்கு!" வாளி ஐயா இரண்டாம் முறை பாயாசம் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த வருஷம் அதே சரிவில் இன்னும் நாலு படி வீடுகள் எழும்பின.

ஒரு விஷயம் பாக்கி. கந்தோர்க் கடிதங்களில், தாளின் இடது பக்க அடியில், எழுதியவரின் முதலெழுத்தும் தட்டச்சு செய்தவரின் முதலெழுத்தும் சின்னதாக இருக்கும். அந்த இரண்டு தாள்களில் எங்குமே அவர் பெயரைப் போட அவர் விடவில்லை. "சபையோட சட்டம் பிள்ள, என்னோடது இல்ல." நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. திருத்தம் அச்சாகி எங்கள் புத்தகத்தின் பின்னால் ஒட்டப்பட்டபோது, இரண்டாம் தாளின் அடியில் 'வா' என்ற எழுத்து இருந்தது. கொழும்பில் யாரும் அது என்னவென்று கேட்டிருக்கவில்லை.

அவர் அதைப் பார்த்தார். நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. கோபம் என்றே நினைத்தேன். வேலை முடிந்து பை தூக்கும்போது என் மேசைக்கு வந்து புத்தகத்தைத் திறந்து வைத்தார்.

"இதுல ஒரு பிழ இருக்கு பிள்ள."

"என்னா சேர்?"

"ஒங்க எழுத்தக் காணோம்."

தன் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். 'வா'வுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, என் பெயரின் முதலெழுத்தை நிதானமாக எழுதினார்.

அவர் ஓய்வு பெற்றுத் தன் மகள் வீட்டோடு போய்விட்டார். நானும் இப்போது வேறு கந்தோரில் இருக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். என் அப்பாவும் நானும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. யாராவது அப்படி ஒரு படம் கேட்டால், வாளி ஐயாவின் எழுத்தும் என் எழுத்தும் சேர்ந்து நிற்கும் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.