அளவெடுக்காமல் வாங்கிய கார்டு

"என்னங்க, இது சுத்தவே மாட்டேங்குது!"

மனைவி கத்தியதும் தையல்காரர் மெஷினிலிருந்து காலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கம்ப்யூட்டர் திரையில் அவள் வரைந்திருந்த பல் கிளினிக் பாதி திரும்பி அப்படியே நின்றிருந்தது. நோயாளி உட்காரும் நாற்காலி சுவருக்குள் புதைந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல் டாக்டரம்மா நேரில் வந்து இதைப் பார்க்கப் போகிறார். பிடித்துவிட்டால் அவருடைய புது கிளினிக்கின் உள் அலங்காரம் முழுவதும் இவளுக்குத்தான். இத்தனை வருஷம் அடுத்தவர்களுக்கு வரைந்து கொடுத்தவளுக்குச் சொந்தப் பேரில் வரப்போகும் முதல் வேலை.

"போன வாரம்கூட நல்லாத்தானே ஓடிச்சு," என்றாள் அழாக்குறையாக.

"அதுக்கு வயசாயிடுச்சும்மா. இத்தனைக்கும் ஞாயித்துக்கிழமை நான்தான் எல்லா ஒயரையும் கழட்டி, தூசி தட்டி, திரும்ப மாட்டி வச்சேன். எப்படிப் பளபளன்னு இருக்கு பாரு! படத்தை ஓட்டற கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டா பம்பரமா சுத்தும்."

"அதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"இது என்ன பெரிய வித்தை!"

அவள் தடுப்பதற்குள் தையல்காரர் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கடையில் இருந்ததிலேயே பெரிய கார்டாகப் பார்த்து வாங்கி வந்தார். மூன்று விசிறி வைத்த கார்டு. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால், அது போக வேண்டிய இடத்தை ஒரு குட்டிப் பச்சைத் தகடு அடைத்துக்கொண்டிருந்தது. "இது எதுக்கு இடைஞ்சலா?" என்று அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். அப்புறம் கார்டை வைத்துப் பார்த்தார். நாலு விரல் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஊருக்கெல்லாம் அளவெடுக்கறீங்க. கழுத்துலயே டேப் தொங்குது. இந்தப் பெட்டிக்கு ஒரு தடவை எடுத்திருக்கக் கூடாதா?"

"துணியா இருந்தா மடிச்சு அடிச்சிருப்பேன்," என்று முனகினார் தையல்காரர். "கார்டு மேல தப்பில்ல. பெட்டிதான் சின்னது. பெட்டியை மாத்திடலாம்."

அந்த நேரம் பார்த்துச் சகலை வந்து சேர்ந்தார். மனைவியின் அக்கா புருஷன். தெருவில் கிடக்கும் துருப்பிடித்த ஆணியைக்கூடத் தாண்டிப் போக மனசு வராத மனுஷன்.

"பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க சகலை, எனக்குக் குடுங்க. இந்தத் தகடும் சும்மாதானே கிடக்கு?"

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. வீடாவது சுத்தமாகும்."

புதுப் பெட்டியில் கார்டு கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்விட்சைப் போட்டதும் விசிறிகள் ஒரு சுற்று சுற்றிவிட்டு மூச்சை நிறுத்திக்கொண்டன. கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"கரண்ட் பத்தல சார். பவர் சப்ளையை மாத்துங்க."

மாற்றினார். இப்போது விளக்கெல்லாம் ஜோராக எரிந்தது. திரை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

"போர்டு ரொம்பப் பழசு சார். அதுக்கும் புதுக் கார்டுக்கும் ஒத்துவராது."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்னய்யா?"

"எந்தக் கம்ப்யூட்டருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே சார். இருக்கறதுலயே பெருசாக் குடுன்னுதானே கேட்டீங்க?"

போர்டை மாற்றினால் பிராசஸர் பொருந்தவில்லை. பிராசஸரை மாற்றினால் மெமரி பொருந்தவில்லை. எல்லாம் புதுசான பிறகு ஹார்டு டிஸ்க் மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதையும் மாற்றினார். ஒவ்வொன்றையும் கழற்றும்போதெல்லாம் சகலை மோப்பம் பிடித்தவர்போல வாசலில் வந்து நின்று, அதை வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புதுக் கம்ப்யூட்டர் ஒருவழியாக உயிர்பெற்றது. தையல்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். மனைவி வரைகிற சாஃப்ட்வேரைப் போட்டாள். இது வேறு கம்ப்யூட்டர், இதில் ஓடமாட்டேன் என்றது அது. அலறியடித்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டால், புது அனுமதி கிடைக்க இரண்டு நாளாகுமாம்.

அதற்குள் சாயங்காலமாகி, வாசலில் மணி அடித்தது. டாக்டரம்மா!

"போச்சு, என் பொழப்பே போச்சு," என்று மனைவி நாற்காலியில் சரிந்தாள். அந்த முகத்தைப் பார்த்த தையல்காரர் சமையலறைக்குள் நுழைந்து சகலைக்குப் போன் போட்டார்.

"சகலை, அந்தப் பழைய சாமான் அத்தனையும் இப்பவே வேணும்! என் மானமே உங்க கையிலதான் இருக்கு!"

"சாமானா? எல்லாத்தையும் பழைய பெட்டியில மாட்டியே வச்சுட்டேனே. இதோ தூக்கிட்டு வரேன்."

உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட டாக்டரம்மாவை அதுவரை எப்படிப் பிடித்து வைப்பது? கழுத்திலிருந்த டேப்பை உருவினார்.

"டாக்டரம்மா, புது கிளினிக்குக்குப் புது வெள்ளைக் கோட்டு வேண்டாமா? எங்க அன்பளிப்பு. கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

தோள், கை, உயரம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. சகலையைக் காணோம்.

"கழுத்தை எத்தனை தடவைங்க அளப்பீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நீங்க பேசப் பேச மாறுது டாக்டரம்மா."

அப்போதுதான் சகலை பழைய பெட்டியைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். நேரே மேசைக்குப் போய் ஒயர்களைச் சொருகினார்.

மனைவி படத்தைத் திருப்பினாள். கிளினிக் பம்பரமாகச் சுற்றியது! கதவு திறந்தது, விளக்கு எரிந்தது, நாற்காலி ஜன்னலைப் பார்த்து அழகாகத் திரும்பி நின்றது.

"அட, ஜன்னல் பக்கமா உட்கார வச்சிருக்கீங்களே! பயந்தாங்கொள்ளிகூட வாயைத் திறந்துடுவான்," என்று டாக்டரம்மா சிரித்தார். "எப்பம்மா வேலையை ஆரம்பிக்கறே?"

மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. தையல்காரருக்கும் தலைகால் புரியவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல் சகலையை ஓரமாக இழுத்துப் போனார்.

"அதே கிழட்டுக் கம்ப்யூட்டர்தானே சகலை! இப்படிப் பறக்குதே, உள்ளே புதுசா என்னத்தைப் போட்டீங்க?"

"புதுசா ஒண்ணும் போடல சகலை. ஞாயித்துக்கிழமை தூசி தட்டினீங்களாமே, அப்போ திரை ஒயரை வேற ஏதோ ஓட்டையில சொருகிட்டீங்க போல. நான் அதை, நீங்க இடைஞ்சல்னு பிடுங்கிப் போட்டீங்களே, அந்தப் பச்சைத் தகட்டுல சொருகினேன். அதுதானே கிராபிக்ஸ் கார்டு?"