ஃபிரேம்காரர் வீட்டுச் சின்னவர்

திருவண்ணாமலையில் ஃபிரேம்காரர் கையில் மாட்டாமல் தப்பித்தது மலை ஒன்றுதான். அவ்வளவு பெரிய கண்ணாடி எங்கேயும் கிடைக்கவில்லை, அதனால் தப்பித்தது. மற்றபடி சாமி படம், செத்தவர் படம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், வீட்டுக்கு வந்த முதல் கரண்ட் பில், பெண்சாதியின் விழுந்துபோன கடைவாய்ப் பல் என்று எது அகப்பட்டாலும் பின்னால் அட்டை, முன்னால் கண்ணாடி, சுற்றிலும் தங்கக் கலர் பீடிங். "கண்ணாடி போட்டுட்டா எதுவும் கெடாது தம்பி" என்பார். இதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் முன்னால் கடை, பின்னால் வீடு. மாடி அறையில் நான் குடியிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. இஸ்திரி போட்ட சட்டை, ஒதுக்கி வாரிய தலை, நாலு பேர் மதிக்கிற நடை என்று மானத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அத்தனையையும் ஒரு ஆமை வாங்கிக்கொண்டது.

ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, ஊருக்குக் கிளம்புகிற அன்று கடைக்கு வந்தாள். கையில் பிளாஸ்டிக் மக். அதற்குள் ஒரு பொத்தான் அளவு பச்சை ஆமைக்குட்டி, காதோரம் குங்குமம் இழுத்த மாதிரி சிவப்புக் கோடு. கண்ணாடி வேலை தெரிந்த மனுஷன் தொட்டி கட்டி வளர்ப்பார் என்று அவளாகவே முடிவு செய்து, மக்கோடு கொடுத்துவிட்டு ஆட்டோ ஏறிவிட்டாள்.

வீட்டுக்குள் ஆமை இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் நம்பாதவர்கள் கம்மி. கிணற்றுமேட்டில் ஆமையைக் கண்டால்கூட வீட்டுப் பக்கம் வராமல் திருப்பிவிடுவார்கள். அக்கா, அதாவது ஃபிரேம்காரர் பெண்சாதி, தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அசையவில்லை. "நம்பிக் கொடுத்துட்டுப் போயிருக்குது அந்தப் பொண்ணு. நடுத்தெருவுல வுட சொல்றியா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடி அறுக்க உட்கார்ந்துவிட்டார்.

முதல் தொட்டியை ஜன்னல் கண்ணாடிக்குப் பூசுகிற பட்டிப் பசையால் ஒட்டினார். காலையில் கூடம் முழுக்கத் தண்ணீர். தொட்டிக்குள் ஆமை மட்டும் காய்ந்து உட்கார்ந்திருந்தது. இரண்டாவது தொட்டி ஒழுகவில்லை. அதுதான் வினை. ஒழுகாத சந்தோஷத்தில் தன் வித்தை முழுவதையும் அதில் இறக்கினார். விளிம்பு வரை தண்ணீர். பின்பக்கம் மலையும் தீபமும் படம். நாலு பக்கமும் தங்கக் கலர் பீடிங். மேலேயும் கண்ணாடி போட்டு, காற்றுக்கு ஒரே ஒரு ஓட்டை. முன்னால் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு. செத்தவர் படத்துக்கு அவர் போட்டுக் கொடுக்கிற அதே பல்பு. வெளியாள் கண்ணில் படக்கூடாது என்று அக்கா அதை உள்ளறை மூலையில் வைத்துத் திரை போட்டாள். திரைக்குப் பின்னால் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி வந்து, "யாரு தவறிட்டாங்க? சொல்லியே அனுப்பல?" என்று கேட்டாள்.

ஆமைக்கு அவர் வைத்த பெயர் சின்னவர். பெயர் என்று சொல்லக்கூடாது, மரியாதை. பொடிக் கருவாடுதான் அதற்குப் பிடிக்கும். சாமி படத்துக்கு ஃபிரேம் போடுகிற கையால் கருவாடு தொடமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால், அலுவலகம் விட்டு வரும்போது வாங்கி வருவது என் வேலையானது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும். ஒருநாள் என் மேலதிகாரியோடு பவ்யமாகப் பேசிக்கொண்டு தெருவில் வருகிறேன். ஃபிரேம்காரர் கடையிலிருந்தே கத்தினார்.

"தம்பி! சின்னவரு ரெண்டு நாளா வெளிக்குப் போவலயே, நீங்க பாத்தீங்களா?"

மேலதிகாரி, "வீட்ல குழந்தைங்களா? கல்யாணம் ஆகலைன்னு சொன்னீங்க?" என்றார். நான் எதையோ சொல்லி மழுப்பினேன். அன்று குனிந்த தலை ஒரு வாரம் நிமிரவில்லை.

இதற்கு நடுவில் எனக்குப் பெண் பார்த்தார்கள். கீழ்பென்னாத்தூரில் விவசாயக் குடும்பம். தட்டை நீட்டும்போது என் சட்டையில் பொத்தான் மாறியிருந்ததைப் பார்த்து அந்தப் பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு என் கதை முடிந்தது. கட்டினால் அவளைத்தான் என்றிருந்தேன். பேச்செல்லாம் சரியாக வந்து, பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கிற இடத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மகள் வந்து வாழப்போகிற வீடு, பார்த்துவிட்டுத்தான் கடைசி வார்த்தை.

அதற்கு முந்தின மாதம்தான் சின்னவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஃபிரேம்காரர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், தூக்குப் போணியில் போட்டுக்கொண்டு அவரோடு நானும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். முன்னால் ஏழெட்டு மாடு, ஒரு ஆட்டு மந்தை. பக்கத்தில் இருந்தவர், "இன்னாப்பா, மாடு எங்க?" என்றார். நான் போணியைத் திறந்து காட்டினேன். வரிசை எங்களை விட்டு ஒதுங்கிப்போய் நின்றது. மாடுகள் மட்டும் வித்தியாசம் பார்க்கவில்லை.

டாக்டர் முதுகு ஓட்டின் மேல் விரலால் அமுக்கிப் பார்த்தார். "நமுத்த அப்பளமாட்டம் இருக்குதே. வெயில்ல வைக்கிறதில்லையா?"

"பல்பு இருக்குது சார். சுத்தியும் கண்ணாடி, விளிம்பு வரைக்கும் தண்ணி. தூசி தும்பு அண்டாது" என்றார் ஃபிரேம்காரர் பெருமையாக.

"அதான் கொல்லுது. கண்ணாடி வழியா வர்ற வெயில் இதுக்குப் பத்தாதுய்யா, நேரா மேல படணும். எந்நேரமும் நீந்திக்கிட்டே இருந்தா அது எப்பதான் இளைப்பாறும்? தண்ணியக் கம்மி பண்ணு, ஏறி உக்கார ஒரு கல்லு வை."

அத்தனை பேச்சுப் பேசுகிற மனுஷன் மாடுகளுக்கு நடுவில் கூனிக்குறுகி நின்றார். வெளியே வந்த பிறகு, "கண்ணாடி போட்டா கெடாதுன்னு நெனச்சேன் தம்பி" என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அன்றே மேல்கண்ணாடி போனது, பீடிங் போனது, பல்பு போனது. தண்ணீர் பாதியானது. உடைந்த அம்மியில் ஒரு துண்டு உள்ளே சரிவாக இறங்கியது. ஆனால் அந்த வீட்டில் நேர்வெயில் விழுவது ஒரே இடத்தில்தான். கடையை ஒட்டி வீட்டுக்குள் நுழைகிற நடையில், காலை பத்து மணிக்கு மேல். வருகிறவர் யாரானாலும் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். திரைக்குப் பின்னால் இருந்த ஆமை ஊருக்கே முன்னால் வந்துவிட்டது.

நான் கெஞ்சினேன். "அண்ணா, அந்த ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும் உள்ள வெச்சிக்கங்க. என் வாழ்க்கை விஷயம்."

"எத்தினி மணிக்கு வராங்க?"

"ஒம்பதுக்கு."

"அப்ப கவலய வுடுங்க. பத்துக்கு மேலதான வெயிலு, அதுக்கப்புறம்தான தொட்டிய நடைக்கு எடுத்தாருவேன்."

அன்று பௌர்ணமி என்பது எனக்கு மறந்துபோனது. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஒரு பை வேர்க்கடலையைச் சுமந்துகொண்டு கூட்டத்தில் நடந்து வந்து சேரும்போது மணி பத்தரை. நடையில் தொட்டி. அம்மித்துண்டின் மேல் சின்னவர் நாலு காலையும் கழுத்தையும் நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார். "ஊட்டுக்குள்ள ஆமையா? யாருது இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஃபிரேம்காரர் கடையிலிருந்து ஓடிவந்து கைகூப்பினார். "என்னுதுங்க. தம்பி மாடியிலதான் இருக்காரு. ஆவாதுன்னா எனக்குத்தான் ஆவாது, அவருக்கு ஒண்ணும் இல்லீங்க."

அதோடு நிறுத்தியிருந்தால் அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டியிருப்பேன். ஆனால் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"ஆனா ஒண்ணுங்க, தம்பி மாதிரி புள்ள கெடைக்காது. தெனம் கருவாடு வாங்கியாந்து கொடுக்கிறது அவருதான். ஒடம்பு சரியில்லன்னதும் மாட்டாஸ்பத்திரிக்கு இட்டும்போனது அவருதான். மாட்டோட மாடா வரிசையில நின்னாருங்க! ஆபீஸ்ல வேல செய்யறமேன்னு ஒரு கௌரவம் பாக்கலியே!"

நான் மறைக்க நினைத்ததில் ஒன்றுகூட பாக்கியில்லை. பெண்ணின் அப்பா காபியைத் தொடவில்லை. "சொல்லி அனுப்பறோம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் மட்டும் தொட்டியை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனாள். வேர்க்கடலைப் பையைத் திரும்ப எடுத்துப்போனதில்தான் எனக்கு உயிரே போனது. பத்து நாள் நான் ஃபிரேம்காரரோடு பேசவில்லை. அவரும் கடையிலிருந்து கத்தவில்லை. நான் படியிறங்குகிற சத்தம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடியைத் துடைப்பார்.

பதினோராம் நாள் அதே பை, அதே வேர்க்கடலை. பெண்ணின் அம்மா தனியாக வந்திருந்தாள்.

"அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேட்டேன். ஒரு வாயில்லா ஜீவன், கைக்குள்ள அடங்கறது, அதுக்கு ஒடம்பு முடியலன்னு மானம் பாக்காம ஆஸ்பத்திரியில நின்ன புள்ள, நம்ம பொண்ணுக்கு ஒரு ஜுரம்னா வுட்டுடுவானான்னு. அப்புறம் அவரே இந்தப் பையை எடுத்து என் கையில கொடுத்தாரு. இந்தாங்க, மல்லாட்ட. ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் வேற ஊடு பாத்துக்கங்க."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் தொட்டிப் பக்கம் குனிந்து, "இது மல்லாட்ட தின்னுமா?" என்று ஃபிரேம்காரரிடம் கேட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேவவெச்சா தின்னுவாருங்க" என்றார். தெரிந்து சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்யாண போட்டோவை அவர்தான் எங்களுக்கு ஃபிரேம் போட்டுக் கொடுத்தார். நல்ல தேக்குச் சட்டம், தங்கக் கலர் பீடிங், எல்லாம் இருந்தது. கண்ணாடி இல்லை.

"கண்ணாடி மறந்துட்டீங்களாண்ணா?"

"மறக்கல தம்பி. உயிரோட இருக்கிறவங்க. காத்து படட்டும், வெயிலு படட்டும்."

காற்றும் பட்டது, வெயிலும் பட்டது. முதலில் என் மீசை போனது. அப்புறம் மாலை வெளுத்தது. இப்போது அவள் சிரிப்பு மட்டும்தான் கொஞ்சம் தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், ஒரு கண்ணாடி போட்டு வைக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. போடத்தான் மனசு வரவில்லை.