ஏழு இடங்களில் குதிரையைத் திருத்தியது குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

பிழை பார்க்கும் மேசையிலிருந்து வணக்கம். பத்தடி தள்ளி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குக் கடிதம் எழுதுவதை முதலில் மன்னிக்க வேண்டும். நேரில் சொல்லத்தான் நினைத்தேன். காலையிலிருந்து மூன்று முறை உங்கள் கதவு வரை வந்தேன். முதல் முறை நீங்கள் தொலைபேசியில் இருந்தீர்கள். இரண்டாவது முறை நிமிர்ந்து பார்த்து "என்னம்மா?" என்றீர்கள், என் வாய் தானாகவே "டீ சொல்லவா சார்?" என்று கேட்டுவிட்டது. மூன்றாவது முறையும் அதையே கேட்டது. உங்கள் மேசையில் ஆறிக்கொண்டிருக்கும் இரண்டு டீக்கும் நானே பொறுப்பு. நலம் விசாரிப்பதுதான் முறை. நீங்கள் நலமாக இல்லை என்பது இங்கிருந்தே தெரிகிறது. அதற்கும் காரணம் நான்தான்.

நமது புதிய பதிப்பில் குதிரையின் நிறத்தை மாற்றியது தட்டச்சு அக்கா இல்லை சார். நான்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் அந்த ஐந்து பாகச் சரித்திர நாவலின் புரூஃப் என் மேசைக்கு வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரி மெக்கானிக், அம்மா தையல்; வீட்டில் புத்தகம் என்றால் என் பாடப்புத்தகமும் கேஸ் இணைப்புப் புத்தகமும்தான். அதனால் ஊரே மூன்று தலைமுறையாகத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கும் அந்த நாவலை நான் அதற்கு முன் தொட்டதுகூட இல்லை. முதன்முதலில் படித்ததே சிவப்புப் பேனாவும் கையுமாகத்தான். இரண்டாம் பாகத்தின் கடைசியில் தளபதி கிழக்குக் கடலைத் தாண்டக் கப்பல் ஏறுகிறார், கூடவே அவருடைய செவலைக் குதிரையும் ஏறுகிறது. மூன்றாம் பாகத்தின் முதல் பக்கத்தில் கப்பல் கரை சேர்கிறது, அதே பெயர் கொண்ட குதிரை வெள்ளையாக இறங்குகிறது. அதையும் சேர்த்துக் குதிரை வருவது மொத்தம் ஏழு இடம், ஏழிலும் வெள்ளை. எவ்வளவு பெரிய எழுத்தாளர், எத்தனை பதிப்பு, ஒருத்தர் கண்ணிலும் படவில்லையே என்று பக்கத்தை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். படித்த பெண் என்றுதானே இந்த நாற்காலியைக் கொடுத்தீர்கள். ஏழு வெள்ளையையும் அடித்துவிட்டு ஏழு செவலை எழுதினேன். அன்று சாயங்காலம் அம்மாவிடம், "பெரிய தப்பு ஒண்ணு கண்டுபிடிச்சேம்மா" என்று சொன்னேன். "கண்ணாடி வாங்கிக் குடுத்ததுக்குப் பலன் இருக்கு" என்று அம்மா அடுத்த வீட்டு அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

முன்பதிவு செய்தவர்களுக்குச் சென்ற வாரம் முந்நூறு பிரதிகள் போயின. செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. இன்று வியாழன். இன்னும் நிற்கவில்லை. முதலில் அழைத்தவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்.

"யாரும்மா பேசறது?"

"பிழை பாக்கற பொண்ணு சார்."

"அப்ப நீதான் வேணும். எங்க குதிரை எங்கம்மா?"

"புத்தகத்துலதான் சார் இருக்கு."

"அது வேற குதிரை. எங்களுது நாப்பது நாள் கடல்ல கிடந்து பயத்துலயே நரைச்சுப்போன குதிரை. மனுஷனுக்கே ரெண்டு கவலை வந்தா நரைக்குது, அதுக்கு நரைக்காதா?"

அதற்குள் அவர் மனைவி ரிசீவரைப் பிடுங்கிவிட்டார். "இவர் சொல்றத நம்பாதம்மா. அது இளவரசி ரகசியமா குடுத்தனுப்புன குதிரை. தளபதி வாயத் திறக்கல, அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து முப்பத்தாறு வருஷமா சொல்றேன், இவர் மண்டையில ஏறல. இப்ப நீங்க போட்டிருக்கற புக்குல சண்டைக்கே இடமில்ல. இனி நாங்க ரெண்டு பேரும் எதப் பத்திப் பேசறது, சொல்லு."

"குறிச்சுக்கறேம்மா" என்றேன். எதைக் குறிப்பது என்று தெரியாமல் தேதியைக் குறித்தேன். பிறகு வாசகர் வட்டத் தலைவர் அழைத்தார். அவர்கள் கூட்டத்தில் நரைத்த குதிரைக் கட்சி சுவரோரமாகவும் இளவரசிக் கட்சி ஜன்னலோரமாகவும்தான் உட்காருமாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் முதல் முறையாக எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை நம் வெளியீட்டு விழாவில் முன் வரிசை முழுக்கப் பிடித்து, பழைய புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டப் போகிறார்களாம். "உங்களாலதாம்மா எங்களுக்குள்ள ஒத்துமையே வந்துச்சு" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதுவரைக்கும் பயம்தான் சார் இருந்தது. நேற்று மத்தியானம் ஒரு நர்ஸ் அம்மா அழைத்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நான் சண்டைக்கு வரல பாப்பா. அந்தக் குதிரை கடல்லயே செத்துப்போச்சு. தளபதி யார்கிட்டயும் சொல்லல. கரையில வேற ஒண்ண வாங்கி, அதே பேர வெச்சுக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கார். இது எங்கயும் எழுதியிருக்காது. வெள்ளைன்னு ஒரு வார்த்தை இருக்கும், அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் போனப்ப எனக்கு அழுகை வரல. அந்தப் பக்கம் படிச்சாத்தான் வரும். வருஷா வருஷம் படிப்பேன். இந்தத் தடவை புது புக்குன்னு ஆசையா வாங்கினேன். அந்தப் பக்கத்துல ஒண்ணுமே இல்ல பாப்பா."

அவர் வைத்த பிறகும் நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எழுதியவர் மறந்துபோய் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா என்று இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது. அந்த ஒரு வார்த்தைக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "வண்டியில ஒரு சத்தம் வரும்மா. ஓனர் அதுக்குப் பழகியிருப்பான். அவனக் கேக்காம நாம அதச் சரிபண்ணிக் குடுத்தா, இது என் வண்டியே இல்லன்னு நிப்பான்" என்றார். இருபத்திரண்டு வயதில் டிகிரி வாங்கிய எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

இன்று காலை மேலாளர் எல்லோரையும் நிற்க வைத்து விசாரித்தபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. "டிகிரி முடிச்ச பொண்ணு, அது பாத்த இடத்துல தப்பு நிக்காது. அதுக்கப்புறம் திருத்தத்த ஏத்தறப்ப டைப்பிங்லதான் ஆயிருக்கு" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ பாத்தப்ப சரியாத்தானம்மா இருந்துச்சு?" என்றார். என் தலை என்னைக் கேட்காமலே ஆடிவிட்டது சார். அந்த ஒரு ஆட்டத்துக்குத்தான் இந்தக் கடிதம்.

அக்கா, "ரெண்டாயிரத்து நூறு பக்கம் அடிச்சிருக்கேன் சார். எழுத்தப் பாத்தேன், குதிரையப் பாக்கல" என்றார். "நாலு மணிக்குள்ள தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்றார் மேலாளர். பதினெட்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர் சார் அக்கா. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "எனக்கே சந்தேகமா இருக்குடி, ஏதோ ஞாபகத்துல அடிச்சுட்டேனோ என்னமோ" என்றார். "ஏழு தடவையுமா அக்கா?" என்று கேட்டேன். "ஒரு தடவை பண்ணவளுக்கு ஏழு தடவை பண்ணத் தெரியாதா?" என்றார். பிறகு தான் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை என்னிடமே நீட்டி, "நீதான பிழை பாக்கறவ. தப்பு இருக்கான்னு பாத்துக் குடு" என்றார். இருந்தது சார். இரண்டு ஒற்றுப்பிழை, ஒரு கால்புள்ளி. திருத்திக் கொடுத்தேன். முதல் வரியிலேயே "நான்" என்று ஒரு பெரிய பிழை இருந்தது. அதைத் திருத்தக் கை வரவில்லை. அக்கா வாங்கிக்கொண்டு போய்ப் புதுத் தாளில் பிரதி எடுக்க உட்கார்ந்துவிட்டார்.

இப்போது மணி மூன்று பத்து. பழி முழுவதும் என்னுடையது. உங்களுக்கோ, மேலாளருக்கோ, அச்சகத்துக்கோ, அக்காவுக்கோ இதில் துளியும் பங்கில்லை. ராஜினாமாக் கடிதத்தைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன், அதில் பிழை பார்த்தாகிவிட்டது. அக்காவுக்காக ஒன்று கேட்கலாமா என்றும் யோசித்தேன். கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதால் விட்டுவிட்டேன். உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் நல்ல உடம்பும், ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் கொஞ்சம் சாந்தமான மனிதர்களும் அமைய வேண்டுமென்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
பிழை பார்க்கும் பெண்

பி.கு.: மணி மூன்று நாற்பது. அச்சக வேன்காரர் பழைய புரூஃப் கட்டுகளை இப்போதுதான் இறக்கிவிட்டுப் போனார். ஆதாரமாக இணைக்கலாம் என்று மூன்றாம் பாகத்தின் முதல் பக்கத்தை உருவினேன். என் சிவப்புத் திருத்தத்துக்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக் இருக்கிறது. மற்ற ஆறு இடங்களையும் பார்த்தேன், ஆறிலும் இருக்கிறது. இந்த அலுவலகத்தில் பச்சைப் பேனா ஒன்றுதான், இப்போது உங்கள் சட்டைப் பையில் தெரிகிறது. முதல் டிக்குக்குக் கீழே, "இத்தனை வருஷம் யாருமே கவனிக்கவில்லையே, சபாஷ்" என்று உங்கள் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. ஆகவே மேலே "பழி முழுவதும்" என்பதில் "முழுவதும்" என்ற சொல்லை நீக்கிப் படிக்கவும். ராஜினாமாக் கடிதத்தையும் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மேடையில் நீங்கள் வாசிக்க வேண்டிய உரை பிழை பார்ப்பதற்காக என் மேசையில்தான் இருக்கிறது. இந்த நாவலைப் பதினொரு முறை படித்திருப்பதாக இரண்டாவது வரியில் வருகிறது. இனிக் கேட்காமல் எதையும் திருத்துவதில்லை என்று முடிவு செய்திருப்பதால் அதை அப்படியே விட்டிருக்கிறேன். புரூஃப் பக்கங்கள் ஏழும் என் இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. விழாவில் விற்கும் ஒவ்வொரு பிரதிக்குள்ளும் ஒரு பிழைதிருத்தச் சீட்டு வைத்தாக வேண்டும் சார், ஏழு பக்க எண், ஏழு வெள்ளை. அதை அடிக்க நாளைக்கு அக்கா வேலைக்கு வர வேண்டும். நாலு மணி ஆவதற்குள் நீங்களே எழுந்து போய் அவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.