ஜாஸ்லினுக்கு ஒரு கோடு போட்ட போர்வை

பதினோராவது கோட்டைப் பின்னி முடித்துப் போர்வையைத் தரையில் விரித்தபோதுதான் செபஸ்தியம்மாள் கவனித்தாள். ஒரு முனை மூன்றடி, மறு முனை நாலரை அடி.

"என்னா செபஸ்தி, பாவாடையா?" என்றார் கணவர் ஜேசுராஜ். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார்.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க!"

குரோஷா ஊசியை அவள் நீட்டிய விதத்தைப் பார்த்து அவர் இரண்டடி பின்வாங்கினார்.

அவள் கோபம் அவர் மேல் இல்லை. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஜாஸ்லினின் கடிதம் போன வாரம் வந்திருந்தது. 'இங்கே கிறிஸ்துமஸ் வந்தால் எல்லா வீட்டு சோபாவிலும் சிவப்பு, வெள்ளை, பச்சைக் கோடு போட்ட பின்னல் போர்வை கிடக்கும். எங்கள் அத்தை தன் கையாலேயே ஒன்று பின்னி அனுப்பிவிட்டார்கள். அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறேன். அவ்வளவு நேர்த்தி!'

அத்தை என்றால் மாப்பிள்ளை கிளாட்சனின் அம்மா, தஞ்சாவூர் அமலோற்பவம் டீச்சர். கல்யாணத்தன்று முதல் பந்தியில் யார் வீட்டுச் சனம் உட்காருவது என்று வெடித்த சண்டைக்குப் பிறகு, இரண்டு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது.

"பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எம் பொண்ணு அந்தம்மா போர்வையிலயா தூங்குறா?"

கான்வென்ட் பள்ளியில் கற்றுக்கொண்ட பின்னல் முப்பது வருடத்துக்குப் பிறகும் விரலில் இருந்தது. கணக்குதான் தப்பியது. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஆத்திரத்தில் ஒரு கண்ணி கூடிப்போயிருந்தது.

பிரிக்க மனம் வரவில்லை. அடுத்து வந்த கோடுகளில் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போனாள். போர்வைக்கு நடுவில் தொந்தி விழுந்தது.

"நனைச்சு இழுத்துக் கட்டுனா சரியாயிரும்" என்றார் ஜேசுராஜ்.

நனைத்தாள். கயிற்றுக் கட்டிலின் நாலு காலிலும் நாலு முனையை இழுத்துக் கட்டினாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், சிவப்புச் சாயம் இறங்கி வெள்ளைக் கோடெல்லாம் ரோஸ்.

"சொட்டு நீலம் விட்டு அலசு. எந்த வெள்ளையும் பளிச்சுன்னு வரும்" என்றார் மறுபடியும்.

அலசினாள். ரோஸ் எல்லாம் ஊதா ஆயிற்று.

ஜேசுராஜ் தலையைச் சாய்த்து நிதானமாகப் பார்த்தார். "கிறிஸ்துமஸுக்கு வேணாம். பாதிரியார் ஊதா உடுத்துற தபசு காலத்துக்கு அனுப்பிருவோம்."

அன்று மதியச் சோற்றை அவர் வயல் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்துதான் சாப்பிட முடிந்தது.

செபஸ்தியம்மாள் தஞ்சாவூருக்கு பஸ் ஏறி, சாயம் போகாத நூலாகக் கேட்டு வாங்கி வந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு கண்ணியையும் வாய்விட்டு எண்ணினாள். வீட்டில் சமையல் ரசத்தோடு நின்றது. பக்கத்து வீட்டுச் செந்தாமரை வந்து, "அக்கா, கொஞ்சம் கருவேப்பிலை இருக்கா?" என்று கேட்டபோது, "நூத்திப் பதினாறு!" என்று கத்தினாள். செந்தாமரை அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. கோயிலில் ஜெபமாலை சொல்லும்போதும் இடையிடையே எண்ணிக்கை வந்து விழுந்தது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களையும் முறைத்தாள்.

பதினெட்டு நாளில் போர்வை முடிந்தது. நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நேர். கோடுகள் ஒன்றுக்கொன்று இம்மி பிசகவில்லை. ஜேசுராஜ் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தடவிப் பார்த்தார்.

"நல்லாருக்கு செபஸ்தி. நெசமாவே நல்லாருக்கு."

அவளுக்குக் கண் கலங்கியது. உடனே அதற்கும் கோபம் வந்தது. "பாத்துக்கிட்டே நின்னா பார்சல் தானா போயிருமா? பஸ்ஸுக்குக் கிளம்புங்க!"

தஞ்சாவூர் தபால் ஆபீஸில் வெளிநாட்டுப் பார்சலுக்கு நீண்ட வரிசை. ஒரு வழியாக கவுண்டர் பக்கம் வந்ததும் செபஸ்தியம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு முன்னால் நின்றது அமலோற்பவம் டீச்சர். டீச்சரின் துணி மூட்டை ஓரம் பிரிந்து, உள்ளேயிருந்து சிவப்பு, வெள்ளை, பச்சை.

ஒரு மாதக் கோபம் மொத்தமாகக் கிளம்பியது.

"ஏங்க சம்பந்தியம்மா, ஒன்னு அனுப்புனது பத்தாதா? எம் பொண்ணுக்கு நான் எதுவுமே செய்யக் கூடாதுன்னு ரெண்டாவதும் அனுப்புறீங்களாக்கும்?"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஜேசுராஜ் கூரையைப் பார்த்தார். டீச்சரின் முகம் சிவந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவளைவிட உரக்கக் கத்தினார்:

"நான் எங்கங்க ரெண்டாவது அனுப்புறேன்? நீங்க ஐப்பசியிலயே ஒன்னு பின்னி அனுப்பிட்டீங்க, அவன் அதைப் போர்த்திக்கிட்டுத்தான் தூங்குறான்னு எம் மவன் எழுதுன ஆத்திரத்துலதானே, வாழ்க்கையில முதல் தடவையா இந்த ஊசியையே கையில பிடிச்சேன்!"