பதினோரு முதுகில் ஒரு மதகு

என் தம்பி மகள் வாசுகியின் கல்யாணத்தில் நடந்த குழப்பத்துக்கு முழுக் காரணம் நான்தான். இதை அன்றைக்கே மண்டபத்தில், மைக்கில், சுமார் நானூறு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். ஆனால் மைக்கில் சொன்னபோது நாதஸ்வரக்காரர்கள் சுருதி பார்த்துக்கொண்டிருந்ததால் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆகவே எழுத்திலும் ஒரு முறை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் நீர்ப்பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தைந்து வருஷம் காவிரிக் கிளைகளின் மதகுகளோடு வாழ்ந்தேன். ஓய்வு பெற்றவுடன் ‘தலைமடை முதல் கடைமடை வரை’ என்று ஒரு வலைப்பூ தொடங்கினேன். மதகு, ஷட்டர், மணல்போக்கி என்று வாரம் ஒரு கட்டுரை. எத்தனை பேர் படித்தார்கள் என்பதை அந்த வலைப்பூவே தினமும் ஒரு எண்ணாகக் காட்டும். என் எண் மூன்று. அதில் ஒன்று நான். இன்னொன்று, எழுத்துப்பிழை பார்க்க மறுபடியும் திறந்த நான். மூன்றாவது யார் என்பது நெடுநாள் மர்மமாக இருந்தது. (என் மனைவி கமலா, தவறுதலாகக் கை பட்டுத் திறந்தது என்று பிறகு தெரிந்தது.)

ஒரு நாள், வலைப்பூவுக்குக் கூட்டம் சேர்ப்பது எப்படி என்று ஒரு இளைஞர் விளக்கும் வீடியோவைப் பார்த்தேன். கட்டுரையை யாரும் தேடி வருவதில்லை, படத்தைத்தான் தேடுகிறார்கள் என்றார் அவர். படங்களைப் பலகையில் குத்தி வைப்பதுபோல் மாட்டிவைக்கிற தளம் ஒன்று இருக்கிறது. அங்கே நம் படத்தை மாட்டினால், பிடித்தவர்கள் எடுத்துத் தங்கள் பலகையில் மாட்டிக்கொள்வார்கள். அதை வேறு சிலர் எடுப்பார்கள். படத்தைத் தொட்டால் நம் கட்டுரை திறக்கும். படம் உயரமாக இருக்க வேண்டும், அகலமாக இருக்கக் கூடாது. கீழே வலைப்பூவின் பெயர் வேண்டும். மக்கள் தேடும் சொற்களைத் தலைப்பில் போட வேண்டும். இதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

முதல் மாதம் மதகுப் படங்களாக மாட்டினேன். எண் மூன்றிலேயே நின்றது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நான் மாட்டிய மதகுக்கு அக்கம்பக்கத்தில் அந்தத் தளம் காட்டியதெல்லாம் ஜாக்கெட் முதுகுகள். மயில் போட்ட முதுகு, கோபுரம் போட்ட முதுகு, ஜன்னல் வைத்த முதுகு. உலகமே ஜாக்கெட் முதுகைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். (அதே போனில் கமலா கல்யாணத்துக்காக ஜாக்கெட் தேடிக்கொண்டிருந்தாள். அவள் தேடியதை அது எனக்குக் காட்டியிருக்கிறது. அவ்வளவுதான். பொறியியல் படித்தவனுக்கு இது தோன்றவில்லை.)

வாசுகி ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை மேடையில் நிற்கும்போது போட்டுக்கொள்ள, தன் ஜாக்கெட் முதுகுக்குத் தானே ஒரு படம் வரைந்திருந்தாள். வலது தோளிலிருந்து சம்பா நெற்கதிர் வளைந்து இறங்கும். இடுப்புப் பக்கம் ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும். அதைக் கும்பகோணத்தில் ஜமீலா என்கிற பெண் ஆரி என்கிற கொக்கி ஊசியால் துணியில் இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்துப் பெண்களுக்குப் பல வருஷமாக வேலை செய்து தருபவர். அந்தப் படத்தை மாப்பிள்ளைக்குக்கூட வாசுகி காட்டவில்லை.

“மேடையில நிக்கும்போதுதான் எல்லாரும் பாக்கணும் பெரியப்பா” என்றாள்.

மார்கழியில் வேலை முடிந்தது. ஜமீலாவிடம் துணியை வாங்கி, பாபநாசத்துத் தையற்காரரிடம் சேர்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நம்பிக்கையான ஆள் வேண்டுமாம்.

ஜமீலா துணியை மூன்று சுற்றுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். “சார், நேரா டைலர்கிட்டதான். வழியில பிரிச்சிறாதீங்க. வாசுகி என் உசுர எடுத்துரும்.”

“நான் என்ன சின்னப் பிள்ளையாம்மா?” என்றேன்.

வழியில் பிரித்தேன்.

ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊர் வாய்க்கால் மதகு வந்தது. பின்னால் வயல் முழுக்கக் கதிர் தலைசாய்த்து நிற்கிறது. என் பையில் கதிர் போட்ட துணி இருக்கிறது. மதகைப் பற்றி எழுதிய கட்டுரை வலைப்பூவில் ஆள் இல்லாமல் கிடக்கிறது. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தபோது என் புத்தி வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. ஷட்டரை ஏற்றி இறக்குகிற இரும்புச் சக்கரத்தின் மேல் அந்த மெல்லிய துணியை விரித்துப் போட்டேன். உயரவாக்கில் ஒரு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து, கீழே வலைப்பூவின் பெயரை எழுதி, ‘கல்யாண ஜாக்கெட் பின்பக்க டிசைன்’ என்று தலைப்புக் கொடுத்து மாட்டிவிட்டேன். தொட்டால் ‘வாய்க்கால் மதகுகளில் கசிவும் தடுக்கும் முறைகளும்’ திறக்கும்.

என் மனச்சாட்சிக்கு நான் சொன்ன சமாதானம், இந்தச் சமுத்திரத்தில் யார் இதைப் பார்க்கப்போகிறார்கள் என்பது. பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே மாட்டினாய் என்று மனச்சாட்சி கேட்டது.

மறுநாள் எண் இரண்டு இலக்கம். அந்த வாரமே நான்கு இலக்கம். காலையில் காப்பிக்கு முன் போனைப் பார்ப்பதும், தனியாகச் சிரிப்பதுமாக இருந்தேன். “என்னங்க, யாராவது பொண்ணு மெசேஜ் அனுப்புறாளா?” என்று கமலா கேட்டாள். என் கசிவுக் கட்டுரைக்குக் கீழே “சூப்பர் சார்”, “ரேட் என்ன சார்?” என்று பெண்கள் எழுதியிருந்தார்கள். மதகு ரிப்பேருக்கு மதிப்பீடு கேட்கிறார்கள் என்று எண்ணி, சிமென்டு, இரும்பு, கூலி எல்லாம் விவரித்து நீண்ட பதில் எழுதினேன். ஒருவரும் திரும்பி வரவில்லை. அப்போதாவது விழித்திருக்க வேண்டும்.

தை பிறந்தது. கும்பகோணத்தில் மண்டபம். மாப்பிள்ளை வீடு பேராவூரணி, தென்னந்தோப்புக்காரர்கள். மாலையில் வேனில் வந்து இறங்கினார்கள். இப்போதெல்லாம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரே மாதிரி உடுத்தி வருவது வழக்கமாகிவிட்டது. பதினோரு பெண்கள், ஒரே பச்சைப் பட்டு, கையில் சீர்த்தட்டு. முன்னால் மாப்பிள்ளையின் அக்கா கவிதா. பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது. வரிசையாக வந்தார்கள். தட்டுகளை மேடையோரம் வைப்பதற்காகத் திரும்பினார்கள்.

பதினோரு கொக்கு.

பதினோரு நெற்கதிர், வலது தோளிலிருந்து.

என் தம்பி மனைவி சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் அறையில் அதே கொக்கோடு அலங்காரம் முடித்து உட்கார்ந்திருக்கிறாள். கையில் பரிசுப் பெட்டியோடு அப்போதுதான் ஜமீலா மண்டபத்துக்குள் வந்தார். சரோஜா வாசலிலேயே, எல்லோர் முன்னாலும் அவரை மடக்கினாள்.

“என்ன ஜமீலா இப்படிப் பண்ணிட்ட? எம் பொண்ணு வரைஞ்சத அவங்களுக்கும் போட்டுக் குடுத்துட்டியா?”

“அல்லா மேல சத்தியமா இல்லக்கா. நான் யாருக்கும் காட்டவே இல்ல.”

“காட்டாமத்தான் பதினோரு பேரு முதுகுல ஏறுச்சா? உன்ன எங்க வீட்டுப் பொண்ணாத்தானே நெனச்சோம்!”

நான் பக்கத்தில்தான் நின்றேன். “நான்தான்” என்று ஒரு சொல் போதும். அதைச் சொல்லாமல், பந்திக்கூடத்துக்குப் போய் இலை போட ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரையில் சிரிக்க முடியாத இடம் இது ஒன்றுதான். என் அசட்டுத்தனத்தை நான் மன்னித்துவிட்டேன். ஆனால் ஒரு பெண்ணின் நல்ல பெயர் வாசலில் நின்று தவிக்கும்போது இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேனே, அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஜமீலா அழுதுகொண்டு போய்விடுகிறவர் இல்லை. நேராக நடந்து கவிதாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“அக்கா, இங்க வாங்க. இது மெஷின்ல போட்டது. கொக்கு சரி, கதிரு சரி. இந்தச் சக்கரம் ஏது? எந் துணியில சக்கரமே கெடையாதே!”

எல்லோரும் கூடிவிட்டார்கள். கொக்கின் தலைக்குப் பின்னால், தங்க நூலில் வட்டமாக ஒரு சக்கரம்.

“அது சூரியன்தானே?” என்றாள் கவிதா, ஒன்றும் புரியாமல். “நெட்ல படம் பாத்தோம்மா. தஞ்சாவூர்ப் பக்கம் பொண்ணு எடுக்கறோம், நெல்லு போட்டுட்டுப் போனா சம்பந்தி வீட்ல சந்தோஷப்படுவாங்கன்னு நான்தான் எல்லாருக்கும் ஒண்ணா தச்சேன். ஏன், நல்லா இல்லையா?”

என் தம்பி விவசாயி. குனிந்து அந்தச் சக்கரத்தையே பார்த்தான். அடுத்த முதுகைப் பார்த்தான். அதற்கடுத்ததையும் பார்த்தான். (சம்பந்தி வீட்டுப் பெண்களின் முதுகை இப்படிப் பார்த்தவன் எங்கள் வம்சத்தில் அவன் ஒருவன்தான்.)

“சூரியன்ல ஏன் ஒரு கம்பி பாதியில ஒடஞ்சிருக்கு?” என்றான். பிறகு நிமிர்ந்தான். “அண்ணே! இது நம்ம வாய்க்கா மதகு சக்கரம்ல!”

பந்திக்கூட வாசலில் கையில் வாழை இலையோடு நான் நின்றேன். அந்தக் கம்பி உடைந்திருப்பதைப் பற்றி மூன்று மாதமாக ஊரில் எல்லோரிடமும் புலம்பியவனும் நான்தான். வெயிலில் துணி வழியே தெரிந்த சக்கரத்தையும் டிசைன் என்று நினைத்து, பேராவூரணித் தையற்காரர் ஒரு நூல் விடாமல் மெஷினில் ஏற்றியிருக்கிறார். வாய்க்காலில் விட்ட தண்ணீர்கூட ஒரு நாளும் கடைமடையான பேராவூரணிக்கு இவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்ததில்லை.

கமலா என்னைப் பார்த்தாள். “அதான் காலையில காப்பிக்கு முன்னாடி சிரிப்பா?” என்றாள்.

சத்தம் கேட்டு வாசுகி வெளியே வந்தாள். பதினோரு முதுகையும் பார்த்தாள். விஷயத்தை நான் பாதி சொல்வதற்குள் புரிந்துகொண்டாள். அவள் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன்.

“பெரியப்பா, எங்கிட்ட அப்பறம் சொல்லிக்கலாம். மொதல்ல ஜமீலாக்காகிட்ட சொல்லுங்க. அம்மா எல்லார் முன்னாடியும் கேட்டாங்கல்ல? நீங்களும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. மேடையில மைக் இருக்கு.”

ஏறினேன். “அனைவருக்கும் வணக்கம்” என்று தொடங்கினேன். துணியைப் பிரித்ததையும், விரித்ததையும், மாட்டியதையும் சொன்னேன். ஜமீலாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, இந்தச் சக்கரமே சாட்சி என்றேன். பழக்கதோஷத்தில் ஷட்டர் பழுதானதன் பின்னணியையும் விளக்கத் தொடங்கினேன். தம்பி வந்து மைக்கைப் பிடுங்கினான்.

கவிதா துடித்துப்போனாள். எல்லோரும் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வருகிறோம் என்றாள். வாசுகி அவள் முதுகுப் பக்கம் போய், அந்த உடைந்த கம்பியை விரலால் தடவிப் பார்த்தாள். முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் கவிதாவின் தோளிலேயே சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

“மாத்த வேணாம் அண்ணி. நெல்லு எங்கிட்ட இருக்கு, மதகு உங்ககிட்ட இருக்கட்டும். எல்லாரும் மேடைக்கு வாங்க, சேந்தே நிப்போம்.”

அப்படியே நின்றார்கள். சரோஜா ஜமீலாவின் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். நான் அவர் அருகில் போய், “மன்னிச்சிக்கம்மா” என்றேன்.

“சார், நீங்க சொன்னது கேட்டுச்சு” என்றார் ஜமீலா. “ஆனா அந்த எலைய மொதல்லயே கீழ வச்சிட்டு வந்திருக்கலாம்.”

பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். “சம்பந்தி, பொண்ணுங்க காட்டின படத்தத் தொட்டேன், ஒரு கட்டுரை தொறந்துச்சு. முழுசாப் படிச்சேன். கடைமடையப் பத்தி நீங்க எழுதினது தப்பு” என்று தொடங்கி, பாயசம் வரும்வரை விடவில்லை. பல வருஷமாக நான் காத்திருந்த வாசகர் இப்படித்தான் வந்து சேர்ந்தார்.

அன்றைக்கே படத்தை எடுத்துவிட்டேன். ஆனால் மற்றவர்கள் எடுத்துத் தங்கள் பலகைகளில் மாட்டியதை நான் எடுக்க முடியாது. (வீடியோ இளைஞர் இதைச் சொல்லவில்லை.) வாய்க்கால் சக்கரத்தைச் சரிசெய்து, புதுக் கம்பி பற்றவைத்து வருஷம் இரண்டாகிறது. முதுகுகளில் அது உடைந்தபடியேதான் சுற்றுகிறது. தஞ்சாவூர் பஸ்ஸில் முன்சீட்டைக் காட்டிக் கமலா என்னை இடிப்பாள்: “ஏங்க, உங்க மதகு போகுது.” பேராவூரணியிலிருந்து வாசுகி போன் செய்வாள்: “பெரியப்பா, இன்னிக்கி சந்தையில ரெண்டு மதகு.” குடும்பத்து விசேஷங்களில் நான் போனைக் கையில் எடுத்தால், பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தாமலேயே நகர்ந்து சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் ஜமீலா கூப்பிட்டார்.

“சார், ஒரு கல்யாணப் பொண்ணு வந்திருக்கு. அந்தச் சக்கரம் வச்சதுதான் வேணும்னு படத்தோட வந்து நிக்குது. வாசுகிகிட்ட கேட்டேன், மதகு பெரியப்பாவோடது, அவரக் கேளுங்கன்னுச்சு. போடவா?”

“தாராளமாப் போடும்மா. ஒண்ணு மட்டும். இப்ப அத ரிப்பேர் பண்ணியாச்சு. கம்பி எல்லாத்தையும் முழுசாப் போட்டுரு.”

“அது முடியாது சார்” என்றார் ஜமீலா. “கேட்டுப் பாத்துட்டேன். அந்த ஒடஞ்ச கம்பிதான் டிசைனாம்.”