பதினோரு மணி அண்ணனும் லாரி ஏறிய துப்பாக்கியும்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே உலகத்தை நேராகப் பார்த்து உருப்படாமல் போனவர்கள் ஊருக்கு நூறு பேர் கிடைப்பார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சாய்த்துப் பார்த்தே உருப்பட்டவர் ஒருத்தர்தான். அவர் பதினோரு மணி அண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்றும் அவருக்கு இருந்தது. அது ரேஷன் கார்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அஸ்தினாபுரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு டூவீலர் மெக்கானிக் வேலை பார்த்தார். வண்டி வந்தால் மற்ற மெக்கானிக்குகள் ஸ்பேனரைத் தேடுவார்கள். இவர் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, தலையைச் சாய்த்து, காதை இன்ஜினுக்குக் கொடுத்து, கண்ணை மூடிக்கொள்வார். "பிளக்கு வாந்தி எடுக்குது சார், வேற ஒண்ணும் இல்ல" என்பார். அது சரியாகவே இருக்கும். இப்படி வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் தலை சாய்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எதிரே நின்று பார்த்தால் கடிகாரத்தின் சின்ன முள் பதினொன்றில் நிற்பது மாதிரியே இருக்கும்.

காலை ஏழு மணிக்கு எங்கள் டீக்கடையில் "பதினோரு மணி வந்துச்சா?" என்று யாராவது கேட்பார்கள். "இன்னும் குளிச்சுகினு கீது" என்று பதில் வரும். ஊருக்குப் புதுசாக வந்தவர்கள் டீயை வைத்துவிட்டு ஓடுவார்கள்.

இதில் பெரிய கொடுமை, அந்தச் சாய்வு ஒட்டிக்கொள்ளும். அவரோடு ஐந்து நிமிஷம் பேசினால் நம் கழுத்தும் நம்மைக் கேட்காமல் சாயும். ஏர்ஃபோர்ஸ்காரர் ஒருத்தர் கடப்பாரையை முழுங்கியவர் மாதிரி விறைப்பாக வந்து ஸ்கூட்டரை விட்டார். எடுத்துக்கொண்டு போகும்போது அவரும் பதினொன்று. வழியெல்லாம் ஸ்கூட்டர்தான் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று நினைத்து மறுநாள் சண்டைக்கு வந்தார்.

நான் அப்போது பத்தாவது கணக்கோடு போராடிக்கொண்டிருந்தேன். டுடோரியலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அண்ணன் கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களைக் கலாய்ப்பதுதான் என் படிப்பு. அதனால் அவர் எனக்கு வைத்த பேர் டுடோரியல்.

அண்ணனுக்குக் கல்யாணம்தான் அமையவில்லை. சம்பாத்தியம் உண்டு, கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் பெண் வீட்டில் எல்லாரும் கழுத்தைப் பார்த்தார்கள். சரி, முதலில் போட்டோவிலாவது நேராக இருக்கட்டும் என்று ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போட்டோக்காரர் "தலையை நிமிர்த்துங்க, இன்னும் கொஞ்சம், இன்னும்" என்று கெஞ்சினார். கடைசியில் கோபம் வந்து கேமராவையே சாய்த்து எடுத்துவிட்டார். படம் வந்தது. அண்ணன் தலை கம்பீரமாக நேரே நின்றது. பின்னால் திரையில் வரைந்திருந்த தாஜ்மகால்தான் விழப் போகிற மாதிரி சாய்ந்திருந்தது. அதைப் பார்த்த ஒரு பெண் வீட்டார், "பையன் பரவால்ல, கட்டடம்தான் பயமா கீது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் தரகர் ஒரு இடம் கொண்டு வந்தார். வண்டலூருக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கிற குடும்பம். பெண் பேர் செல்வி. துணைக்குத் தரகரும் நானும் போனோம். நான் போனது கேசரிக்காக.

பெண்ணின் அப்பா முறுக்கு மீசை வைத்த ஆள். நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதே. கழுத்து இன்னா ஆச்சு?"

அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதே நேரம் அறை வாசலில் செல்வி வந்து நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. அவருக்கு உள்ளேயிருந்து வேறு யாரோ பேசுவது மாதிரி குரல் வந்தது.

"அது வந்து... துப்பாக்கிங்க."

"துப்பாக்கியா?"

"கட்டையை கன்னத்துல அணைச்சு அணைச்சு குறி பார்த்ததுல அப்டியே நின்னுடுச்சு. வேட்டைக்குப் போறதுண்டு."

எனக்குக் கேசரி புரை ஏறிவிட்டது. அண்ணன் அதுவரை வேட்டையாடியது கொசு மட்டும். அதிலும் பாதி தப்பித்துவிடும்.

பெரியவருக்கு மீசை இன்னும் ஒரு சுற்று முறுக்கிக்கொண்டது. "அப்டி சொல்லு! சாயங்காலம் ஆனா போதும், காட்டுலேந்து மான் கூட்டம் வந்து என் கடலையைத் துன்னுட்டுப் போவுது. கடலை புடுங்கறதுக்குள்ள துப்பாக்கியோட வா. ஒண்ணே ஒண்ணை சாய்ச்சுக் காட்டு. அன்னைக்கே தட்டு மாத்திக்கலாம். காட்டாட்டி வேற இடம் பாத்துக்கோ."

திரும்பி வரும்போது அண்ணனுடைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து நான் ஆரம்பித்தேன். "இன்னாண்ணா இப்டி வுட்டுட்டே? கொசு மருந்து அடிக்கிறவன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. "டேய் டுடோரியல். அந்தப் பொண்ணு என்னைப் பார்க்கசொல்ல தலையைச் சாய்க்கல, கவனிச்சியா? நேரா நின்னு நேரா பார்த்துச்சுடா. எல்லாம் என் கழுத்தைத்தான் பார்க்குங்க. அது என்னைப் பார்த்துச்சு."

இதற்கு மேல் எப்படிக் கலாய்ப்பது? வண்டலூர் கேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, என் காசில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாளே வேட்டை ஆரம்பித்தது. மான் வேட்டை இல்லை, துப்பாக்கி வேட்டை. விலை மலிவாக இருக்கணும், குறி தப்பக்கூடாது. மவுண்ட் ரோட்டில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "லைசென்ஸ் இருக்கா?" என்றார்.

"வண்டிக்குக் கீது சார்" என்றார் அண்ணன்.

"எதுக்கு துப்பாக்கி?"

"மானுக்கு."

கடைக்காரர் கதவைப் பார்த்தார். "மெதுவா பேசுங்க. மானைச் சுட்டா ஜெயில். லைசென்ஸ் இல்லாம ஏர் கன்தான் தரலாம். அதுல சுட்டா மான் திரும்பிப் பார்த்து சிரிக்கும், பரவாயில்லையா?"

"சிரிச்சாலும் சரி, ஓடினா போதும் சார்" என்று அண்ணன் விலையைக் கேட்டார். கடைக்காரர் சொன்னார். நாங்கள் ஓடினோம்.

அப்போது ஆடி மாசம். தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ், பாட்டு செட்டு, ராட்டினம், பலூன் சுடுகிற கடை. அண்ணனுக்கு அங்கேதான் யோசனை வந்தது. பலூன் கடைக்காரனிடம் ஒரு பழைய ஏர் கன்னை வாங்கிவிட்டால் என்ன? ஆனால் அந்தத் துப்பாக்கிகள் எல்லாருக்கும் தெரிந்த ஜாதி. நேராகச் சுட்டால் கடைக்காரன் பட்டினி. அதனால் நுனியில் இருக்கிற குறிமுனையை லேசாகத் தட்டிக் கோணலாக்கி வைத்திருப்பான். அதிலும் ஒன்றாவது நல்லதாக இருக்காதா என்று அண்ணன் ஊர் ஊராகத் தேடினார்.

அவருக்குத் தெரிந்தது பழைய வண்டி வாங்குகிற முறைதான். துப்பாக்கியைக் கையில் எடுத்ததும், "ஒரே ஓனரா? எவ்ளோ ஓடியிருக்கும்?" என்பார். மடக்கி ஸ்பிரிங் சத்தத்தைக் காது வைத்துக் கேட்பார். "வாஷர் போயிடுச்சுபா, புகை கக்கும்" என்பார். கடைக்காரன் முழிப்பான். பிறகு சுடுவார். ஒன்றும் படாது. சேலையூரில் சுட்டார், ராட்டினக்காரன் குனிந்தான். மேடவாக்கத்தில் சுட்டார், கூழ் வரிசை கலைந்தது. குறிமுனை நேராக இருந்த ஒரு நல்ல துப்பாக்கியும் கிடைத்தது. அதில்தான் அவர் குறி ரொம்ப மோசம்.

"அண்ணா, மானை பலூன் பக்கத்துல நிக்க வைக்கலாம். பலூனைக் குறி வெச்சா மான் மேல படும்" என்று நான் ஐடியா கொடுத்தேன். செருப்பு பறந்தது. அதுவும் என் மேல் படவில்லை.

கடைசியாகப் பம்மல். அந்தக் கடையில் இருந்த எல்லாத் துப்பாக்கியும் சுட்டாகிவிட்டது. சோர்ந்து திரும்பும்போது, கடையின் தார்ப்பாயைத் தாங்கிக்கொண்டு ஒன்று மூலையில் நின்றது. பார்க்கிறவன் கண்ணுக்கே தெரிகிற மாதிரி அதன் குழல் வளைந்திருந்தது.

"அது இன்னாபா?"

"அத்த வுடுண்ணா. தண்ணி லாரி ஏறிட்ச்சு. இப்ப கம்பு மாதிரி வெச்சுகினு கீறேன்."

அண்ணன் அதை உருவினார். தார்ப்பாய் கடைக்காரன் தலையில் இறங்கியது. அவன் வெளியே வருவதற்குள் ஒரு பலூன் வெடித்தது. அடுத்தது. அதற்கடுத்தது. சிவப்பு, மஞ்சள் என்று வரிசையாக ஊசி குத்தினது மாதிரி வெடித்துக்கொண்டே போனது. கூட்டம் கூடிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை, வாங்கி நானும் ஒன்று சுட்டேன். பக்கத்துக் கடையில் ஒரு டஜன் வளையல் உடைந்தது. வளையல்கார அக்கா என்னைத் துரத்திய வேகத்தை ராட்டினத்தில்கூடப் பார்த்ததில்லை.

கடைக்காரன் வாயைப் பிளந்தான். "கோணக் கழுத்துக்குக் கோணத் துப்பாக்கி செட் ஆயிட்ச்சுண்ணா!"

அண்ணன் அந்தக் குழலைத் தடவினார். "எனக்குன்னே லாரி ஏத்திக்கீறான் பாரேன்டா."

கடைக்காரனின் மொபெட் கார்பரேட்டரைச் சரி பண்ணிக் கொடுத்து, துப்பாக்கியை வாங்கிக்கொண்டோம். அதைத் துணியில் சுற்றி அவர் தோளில் போட்டபோது, முதல் தடவையாக அவர் தலையும் தோளும் துப்பாக்கியும் ஒரே கோட்டில் நின்றன.

கடலை முற்றியதும் சொன்னபடி ஒரு சாயங்காலம் போனோம். வரப்பெல்லாம் ஆள். பெரியவர் துப்பாக்கியைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இன்னாயா இது, புடலங்காய் மாதிரி வளைஞ்சு கீது? குடு இப்டி."

கடலைக் கொல்லை நடுவே சோளக்காட்டுப் பொம்மை ஒன்று எண்ணெய் டின்னைத் தலையாக வைத்துக்கொண்டு நின்றது. பெரியவர் அதைக் குறி பார்த்துச் சுட்டார். வரப்பில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த அவருடைய சொந்த டிரான்சிஸ்டர் பாதிச் செய்தியில் நின்றுபோனது.

அண்ணன் மரியாதையாகத் துப்பாக்கியை வாங்கி, கன்னத்தில் அணைத்தார். பொம்மையின் தலையில் 'டங்' என்றது. வரப்பு முழுக்கக் கைதட்டல். பம்ப்செட் ரூம் வாசலில் நின்ற செல்வி கைதட்டவில்லை. பார்த்துக்கொண்டிருந்தது.

வெயில் இறங்கியதும் மான்கள் வந்தன. கொஞ்சம் கொஞ்சமாக, செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற மாதிரி சத்தமே இல்லாமல். எல்லாரும் மூச்சை அடக்கினோம். அண்ணன் குறி வைத்தார். முன்னால் வந்த மான் என்னவோ சத்தம் கேட்டுச் சட்டென்று நின்றது. தலையைச் சாய்த்தது. ஒரு காதை எங்கள் பக்கம் திருப்பியது.

அண்ணன் சுடவில்லை. துப்பாக்கி மெல்ல இறங்கியது.

"இன்னாண்ணா, ரவை சிக்கிட்ச்சா?" என்று கிசுகிசுத்தேன்.

"இல்லடா. அது நிக்கறதைப் பாரேன். நான் இன்ஜினுக்குக் காது குடுப்பேனே, அதே மாதிரி. அதுவும் பதினோரு மணிடா."

பெரியவர் பல்லைக் கடித்தார். "சுடுய்யா! சுடலேன்னா பொண்ணு கெடையாது!"

அண்ணன் எழுந்து நின்றார். "முடியாதுங்க. எனக்கு வேட்டையெல்லாம் தெரியாது. கழுத்து துப்பாக்கியால சாயல. வண்டி சத்தம் கேட்டுக் கேட்டு சாஞ்சுது. நான் மெக்கானிக்கு. அவ்ளோதான்."

வரப்பில் ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் பம்ப்செட் ரூம் பக்கம் திரும்பவே இல்லை. நேரே தன் மொபெட்டுக்குப் போனார். கிளம்புகிறார் என்று நினைத்து நானும் பின்னால் ஓடினேன். அவர் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, சைலன்சரைக் கழற்றிக் கீழே போட்டார்.

"மான் ஓடணும். அவ்ளோதானே?"

பெடலை மிதித்து ஆக்சிலேட்டரை முறுக்கினார் பாருங்கள்! ஆயிரம் வாலா சரத்தை அண்டாவுக்குள் போட்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். மான்கள் இருந்த இடத்தில் புழுதிதான் இருந்தது. அதோடு நின்றிருந்தால் அண்ணன் அன்றைக்கே ஹீரோ. பெரியவரின் எருமைகளும் கயிற்றை அறுத்துக்கொண்டு மானுக்குப் போட்டியாக ஓடின. மறித்த பெரியவர் வாய்க்காலில் உட்கார்ந்தார். அண்ணன் பதறிப்போய் அதே வண்டியில் எருமைகளைப் பிடிக்கத் துரத்தினார். சத்தம் துரத்தத் துரத்த அதுகள் இன்னும் வேகமாக ஓடின.

சேற்றோடு எழுந்த பெரியவர் கத்தினார். "மானும் போச்சு, மாடும் போச்சு!"

அப்போதுதான் செல்வி வாய் திறந்து பேசி நான் கேட்டேன். "மாடு திரும்பி வந்துடும்ப்பா. மான் வராது. அதுதானே உனக்கு வேணும்?"

"அந்த ஆளும் வர மாட்டான். இருட்டுறதுக்குள்ள தாம்பரம் தாண்டிடுவான்."

செல்வி குனிந்து, கரியும் எண்ணெயுமாகக் கிடந்த சைலன்சரை முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டது. "வருவாரு. வந்து இதை என்கிட்டதான் வாங்கணும்."

வந்தார். எருமைகளை ஓட்டிக்கொண்டு, வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். தட்டும் மாறியது. அன்றைக்கு இல்லை, பெரியவர் காய்ந்து, டிரான்சிஸ்டரும் ரிப்பேராகி வந்த பிறகு. இப்போதும் அந்தக் கொல்லையில் ஒரு பழைய மொபெட் இன்ஜின் சைலன்சர் இல்லாமல் காவல் இருக்கிறது. எருமைகள் பழகிவிட்டன. துப்பாக்கி அண்ணன் கொட்டகையில், மழைக்குக் கட்டிய தார்ப்பாயைத் தாங்கிக்கொண்டு, பழைய உத்தியோகத்துக்கே போய்விட்டது.

கல்யாணத்துக்கு அதே போட்டோக்காரர்தான், அதே தாஜ்மகால் திரையோடு வந்தார். பழக்கத்தில் கேமராவைச் சாய்த்தார். மணப்பெண் மாலையோடு கை நீட்டித் தடுத்தது. "அதை நேரா வைங்க. அவரு இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

அந்தப் படம் என்னிடமும் ஒன்று இருக்கிறது. பின்னால் தாஜ்மகால் ஆடாமல் நிற்கிறது. அண்ணன் பதினோரு மணி. பக்கத்தில் அண்ணி நேராக நின்று சிரிக்கிறது. ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிற என் தலையும் பதினொன்றுதான். நேராக்கிக்கொள்ளச் சொல்லி வீட்டில் திட்டுகிறார்கள். இருக்கட்டும், அந்தப் பக்கம்தான் அண்ணன் இருக்கிறார்.